திராட்சைத் தோட்டத்தின் மகள்கள்

ஸ்பெயினின் வடக்கே, ரியோஹா பகுதியில், எப்ரோ ஆற்றின் அருகே ஹாரோ என்றொரு சிற்றூர் இருக்கிறது. அதன் ரயில் நிலையத்தைச் சுற்றியுள்ள தெருக்கள் ஒயின் உலகில் பெயர் பெற்றவை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஃபிலாக்ஸெரா என்னும் பூச்சி பிரான்சின் திராட்சை வேர்களை அரித்துத் தோட்டங்களை அழித்தது. பிரெஞ்சு வணிகர்கள் ஒயின் தேடி இந்தப் பக்கம் வந்தார்கள். பீப்பாய்களை ஏற்றி அனுப்ப ரயில் இருந்தது. நிலையத்தை ஒட்டியே ஒயின் கூடங்கள் எழுந்தன. அவற்றுள் ஒன்று லோபெஸ் தெ எரெதியா. 1877இல் தொடங்கிய நிறுவனம், நான்காம் தலைமுறையாக ஒரே குடும்பத்தின் கையில் இருக்கிறது.

பில்பாவோவில் ஒரு கவிதை வாசிப்புக்குப் போயிருந்தேன். மறுநாள் ஓய்வு. உடன் வந்த கவிஞர்கள் அருங்காட்சியகம் போனார்கள். நான் ஹாரோவுக்குப் பேருந்து ஏறினேன். கம்பம் பள்ளத்தாக்கில் பன்னீர் திராட்சைப் பந்தலின் கீழ் வளர்ந்தவள் நான். வேறொரு நாட்டில் திராட்சையை வைத்து ஒரு குடும்பம் எப்படி வாழ்கிறது என்று பார்க்கும் ஆசை எனக்குப் பழையது.

நிலவறைக்குள் எங்களை அழைத்துப் போனவர் ஓர் இளம்பெண். சுவரெங்கும் கரும்பூஞ்சை படர்ந்திருந்தது. கூரையிலிருந்து ஒட்டடை திரைபோலத் தொங்கியது. எங்கள் வீட்டில் இப்படி ஒரு மூலை இருந்தால் அன்றைக்கு அம்மாவுக்கு ஏச்சு விழும். இங்கே அதை யாரும் தொடுவதில்லை. புட்டியின் தக்கையை அரிக்கும் அந்துப்பூச்சியைச் சிலந்திகள் தின்றுவிடுகின்றனவாம். "அவர்களும் இங்கே வேலை பார்ப்பவர்கள்தான்" என்றார் அந்தப் பெண்.

இங்கே பழைய முறை மாறவில்லை. 225 லிட்டர் பிடிக்கும் ஓக் பீப்பாய்களைச் சொந்தப் பட்டறையிலேயே செய்கிறார்கள். மரம் அமெரிக்காவிலிருந்து வருகிறது. தெம்ப்ரானியோ, கர்னாச்சா, கிராசியானோ, மசுவேலோ ஆகிய நான்கு வகைத் திராட்சைகள் சேர்ந்ததுதான் இவர்களுடைய சிவப்பு ஒயின். ரியோஹாவின் விதிப்படி 'ரெசெர்வா' என்று பெயரிட மூன்று வருடம் போதும், அதில் ஒரு வருடமாவது மரத்தில் இருக்க வேண்டும். இவர்களுடைய தொந்தோனியா ரெசெர்வா ஆறு வருடம் மரத்திலேயே கிடக்கிறது. ஆண்டுக்கு இருமுறை, மண்டியை அடியில் விட்டுத் தெளிந்ததை மட்டும் வேறு பீப்பாய்க்கு மாற்றுகிறார்கள். கடைசியில் முட்டையின் வெள்ளைக்கருவைக் கலந்து தெளிய வைக்கிறார்கள். கலங்கலை எல்லாம் அது பிடித்துக்கொண்டு கீழே இறங்கிவிடும்.

வெள்ளைக்கரு ஒயினுக்குப் போனால் மஞ்சள் கரு எங்கே போகும்? சமையலறையைத் தெரிந்தவளுக்கு இந்தக் கேள்வி வராமல் இருக்காது. தெற்கு ஸ்பெயினின் ஹெரெஸ் நகரில் அதற்கு ஒரு கதை சொல்கிறார்கள். ஒயின் தெளிய வைத்தபின் மிஞ்சிய மஞ்சள் கருக்களைக் கன்னியர் மடங்களுக்குக் கொடுப்பார்களாம். கன்னியர்கள் சர்க்கரைப் பாகில் அதைக் கலந்து 'தொசினோ தெ சியெலோ' என்ற இனிப்பைச் செய்தார்கள். ஒயினின் புட்டியில் குடும்பத்தின் பெயர் இருக்கிறது. மிச்சத்தைக் கொண்டு ஒரு சுவையை உண்டாக்கிய பெண்களுக்குப் பெயர் இல்லை. நம் ஊரின் வடித்த கஞ்சிக்கும் பழைய சோற்றுக்கும்கூட இதே கதைதான்.

'குடும்ப நிறுவனம்' என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு உள்ளே ஒரு முள் நெருடும். யாருடைய உழைப்பைக் கணக்கில் எழுத வேண்டாமோ அவர்களையும் சேர்த்துத்தான் குடும்பம் என்கிறோம். ஸ்பெயினில் 1975 வரை மணமான பெண் வேலைக்குச் சேரவும் ஒப்பந்தத்தில் கையெழுத்திடவும் கணவனின் அனுமதி தேவைப்பட்டது. ஃபிராங்கோ சாவதற்குச் சில மாதங்கள் முன்புதான் அந்தச் சட்டம் மாறியது. குடும்ப நிலத்தில் கூலியில்லாமல் உழைத்த மனைவியைக் கணவனோடு சம உரிமையாளராகப் பதிந்துகொள்ள வழி செய்யும் சட்டம் 2011இல்தான் வந்தது.

அந்த நாட்டில், இந்தக் கூடத்தின் முகமாக இன்று உலகம் அறிந்திருப்பவர் நிறுவனரின் கொள்ளுப்பேத்தி மரியா ஹோசே. தங்கை மெர்செதெஸும் சகோதரரும் உடன் இருக்கிறார்கள். பக்கத்துத் தோட்டங்கள் புதிய பாணிக்கு மாறியபோதும் பாட்டனாரின் முறையைக் கைவிடாத பிடிவாதத்துக்காக இந்தக் குடும்பத்தைப் புகழ்கிறார்கள். ஸ்பானிய மொழியில் 'எரெதெரா' என்றால் பெண் வாரிசு. எரெதியா என்ற குடும்பப் பெயரோடு அந்தச் சொல் எத்தனை நெருக்கமாக ஒலிக்கிறது என்று பெயர்ப்பலகைக்குக் கீழே நின்று சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

வாசலில் இருக்கும் விற்பனைக் கூடத்தை வடிவமைத்தவர் ஸாஹா ஹதீத். பாக்தாத்தில் பிறந்தவர். கட்டடக் கலையின் பிரிட்ஸ்கர் விருதை 2004இல் பெற்ற முதல் பெண். 1910 பிரஸ்ஸல்ஸ் உலகக் கண்காட்சிக்கு இந்தக் குடும்பம் கொண்டுபோன பழைய மரக் கடையை உள்ளே வைத்து, அதைச் சுற்றி ஒயின் குடுவையைப் போன்ற ஒரு கூட்டைக் கட்டியிருக்கிறார்.

அங்கேதான் ஒயினை ஊற்றிக் கொடுத்தார்கள். ஊற்றியவரும் பெண். புறநானூற்றின் 56ஆம் பாடல் நினைவுக்கு வந்தது. யவனர் கொண்டுவந்த தேறலை, வளையணிந்த மகளிர் பொற்கலத்தில் ஏந்திக் கொடுக்கப் பாண்டியன் அருந்துவதை நக்கீரர் பாடியிருக்கிறார். வகுப்பில் இதை நடத்தும்போது யவனர், வணிகம், அரிக்கமேட்டின் சாடிகள் என்று விளக்குவோம். ஊற்றிக் கொடுத்த மகளிரைத் தாண்டிப் போய்விடுவோம். 235ஆம் பாடலில் ஔவையார் அதியமானோடு கள்ளைப் பகிர்ந்துகொண்டதை நினைத்து அழுவார். அங்கே மாணவிகள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரிப்பார்கள். "அவங்க குடிப்பாங்களா மேடம்?" என்பாள் ஒருத்தி. ஊற்றுகிறவளாகப் பெண்ணை நமக்குத் தெரியும். பருகுகிறவளாகத் தெரியாது.

எனக்கும் இது எளிதாக இல்லை. மது என்றால் அப்பாவின் மூச்சு, சாமத்தில் உடையும் பாத்திரம், அடகுக்கடையிலிருந்து திரும்பி வராத அம்மாவின் சங்கிலி. அவர் குடித்தார். அதற்கான விலையை அம்மா கொடுத்தாள். கையில் கோப்பையோடு நின்றபோது அந்த வீட்டுக்குத் துரோகம் செய்கிறேனோ என்று தோன்றியது. பிறகு ஒரு வாய் பருகினேன். காய்ந்த பழத்தின் வாசம், பழைய மரப்பெட்டியின் வாசம், நாக்கின் ஓரத்தில் ஒரு துவர்ப்பு. அம்மாவை அழவைத்தது திராட்சை இல்லை என்று அந்த நேரத்தில் தெளிவாகத் தெரிந்தது. வீட்டில் எதையும் கேட்காமல் எடுத்துக்கொள்ளலாம் என்று ஓர் ஆணுக்குக் கொடுக்கப்பட்டிருந்த உரிமைதான் அவளை அழவைத்தது.

அந்த உரிமை அப்பாவோடு போய்விடவில்லை. தாத்தா வழி வந்த மூன்று ஏக்கர் திராட்சைத் தோட்டத்தில் எனக்கிருக்கும் பங்கை எழுதிக் கொடுக்கும்படி ஒரு வருடமாக அண்ணன் கேட்டுக்கொண்டிருக்கிறான். "ஒரு விடுதலைப் பத்திரம்மா. ஒரு கையெழுத்துத்தானே. உனக்குத்தான் சீரெல்லாம் செஞ்சாச்சே" என்கிறான். நல்லவன்தான். என்னைப் படிக்க வைக்கச் சண்டை போட்டவன். அதனால்தான் இது வலிக்கிறது.

தமிழ்நாடு 1989இலேயே பரம்பரைச் சொத்தில் மகளுக்குச் சம பங்கு கொடுத்தது. அதற்கு முன் மணமான பெண்களை அந்தச் சட்டம் விட்டுவிட்டது. அப்படி விடுபட்டவள் என் அத்தை. எங்கள் தோட்டத்தில் குலை நறுக்கி, பழம் பொறுக்கி, பெட்டி கட்டியே முதுகு வளைந்தவள். கவாத்துக்கு வந்த ஆண்களுக்கு ஒரு கூலி, அவளுக்குப் பாதி. சொந்த அண்ணன் தோட்டம் என்பதால் சில நாள் அதுவும் இல்லை. 2005இல் நாடு முழுமைக்கும் சட்டம் திருத்தப்பட்டது. மகளின் உரிமை பிறப்பால் வருவது, தந்தை அன்று உயிரோடு இருந்தாரா என்பது பொருட்டல்ல என்று 2020இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. ஆனாலும் பெண்கள் பத்திர அலுவலகத்துக்குப் போய்க் கையெழுத்திட்டுவிட்டு வருகிறார்கள். தாய்வீட்டு வாசல் அடைபட்டுவிடுமோ என்ற பயம் சட்டத்தைவிடப் பெரிதாக இருக்கிறது. அந்தப் பயம் எனக்கும் உண்டு.

ஊர் திரும்பியதும் அண்ணனுக்கு எழுதினேன். "தோட்டத்தை நீயே பார். வருமானத்தில் எனக்கு அவசரமில்லை. வங்கிக் கடனுக்கு நானும் சேர்ந்து கையெழுத்திடுகிறேன். கூட்டுப் பட்டாவில் என் பெயர் இருக்கட்டும். விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்திட மாட்டேன்."

பதில் வரவில்லை. அந்தப் பொங்கலுக்குச் சீரும் வரவில்லை. மாட்டுப் பொங்கலன்று அம்மாதான் போன் செய்தாள். வெகுநேரம் ஊர்க்கதை பேசிவிட்டு, யாரும் கேட்டுவிடாதபடி குரலைத் தாழ்த்திக் கேட்டாள்:

"ஏண்டி, அதுல எம் பேரையும் சேர்க்க முடியுமா?"