அட்டையும் வட்டும்

காஞ்சிபுரத்துத் தறியின் மேல் அமர்ந்திருக்கும் ஜக்கார்டுப் பெட்டியை நாம் அறிவோம். துளையிட்ட அட்டைகளைக் கோத்து மாட்டினால் கரையில் அன்னமும் மயிலும் விழும். அட்டை மூலையில் ஆண்டுக்கணக்கில் கிடந்தாலும், மாட்டிய அன்றே நெய்யலாம். எவர் அனுமதியும் வேண்டுவதில்லை.

2023-இல் சோனி நிறுவனம் வெளியிட்ட பிளேஸ்டேஷன் 5-இன் மெலிந்த வடிவிலும், விளையாட்டு வட்டைப் படிக்கும் பகுதியைக் கழற்றி மாட்டலாம். தறிப்பெட்டி போலவே எனலாம், ஒன்று நீங்கலாக: முதன்முறை பொருத்துகையில் இணையத்தின் வழியே ஒப்புதல் பெற்றாக வேண்டும். வட்டை இட்ட பின்னரும் பல ஆட்டங்கள் திருத்தங்களை இறக்கச் சொல்லி நம் பிள்ளைகளைக் காக்க வைக்கின்றன. பிழை திருத்துவது நன்றே. ஆனால் அச்சேவை என்றேனும் நிறுத்தப்படுமாயின், வட்டில் பிழையோடு பதிந்த முதல் வடிவமே நமக்கு மிஞ்சும். அதன்பின் புதிதாய் மாட்டும் பகுதியோ அதையும் படிக்காது.