எழுதியிருப்பது 9,900, எடை 29 கிராம்

அரசினர் தோட்டம் மெட்ரோவில் இறங்கி அண்ணா சாலை ஓரமாக நடந்தால், பத்து நிமிடத்துக்குள் ரிச்சி தெரு வந்துவிடும். பையில் நகை எடை பார்க்கிற சின்னத் தராசு, மல்டிமீட்டர், ஆறு அங்குல ஸ்கேல். வாங்கப் போனது டார்ச் லைட்டுக்கு ஒரு லித்தியம் செல். 18650 என்று கேட்டாலே எடுத்துத் தருகிறார்கள். 18 மி.மீ. குறுக்களவு, 65 மி.மீ. நீளம் என்பதுதான் அந்த எண்.

தெருவுக்குள் நுழைந்ததுமே சாலிடர் புகை மூக்கில் ஏறியது. குட்டியானை வண்டி ஒன்று சந்தை அடைத்துக்கொண்டு நிற்க, ஒதுங்கிய இடத்திலேயே முதல் கடை. பிளாஸ்டிக் தட்டில் செல்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து கிடந்தன.

"9,900 எம்.ஏ.எச். சார், எழுபது ரூபாதான்." சிவப்பு உறை, தங்க நிற எழுத்து. தராசில் வைத்தேன். 29 கிராம். இந்த அளவில் ஒழுங்கான செல் 45 கிராமை ஒட்டி இருக்கும். கொள்ளளவு 3,500 வாக்கில், மிஞ்சிப்போனால் 4,000. "புது டெக்னாலஜி சார், அதான் வெயிட் இல்ல" என்றார். மின்சாரத்தைப் பிடித்து வைப்பது உள்ளே சுருட்டி வைத்திருக்கும் சரக்குதான். சரக்கு குறைந்தால் எழுத்து மட்டும் எங்கிருந்து கூடும்? தட்டிலேயே வைத்துவிட்டு நகர்ந்தேன்.

நாலு கடை தள்ளி, கொரிய நிறுவனம் ஒன்றின் பெயர் போட்ட செல் 120 ரூபாய். எடை 45 கிராம், சரிதான். ஆனால் அடிப்பக்கத்தை வெளிச்சத்தில் திருப்பினால் தகட்டில் ஊசி முனை அளவுக்குப் புள்ளிகள், பக்கத்தில் தேய்த்த கீறல். ஸ்பாட் வெல்டிங் பட்டையைப் பிய்த்த தடம் அது. பழைய லேப்டாப் பேட்டரியை உடைத்து எடுத்து, புது ஸ்லீவ் மாட்டியிருக்கிறார்கள். "ஃப்ரெஷ் ஸ்டாக்" என்றார் கடைக்காரர். மல்டிமீட்டர் 1.9 வோல்ட் காட்டியது. புது செல் பெரும்பாலும் மூன்றரை வோல்ட்டை ஒட்டி வரும். 2.5-க்குக் கீழே இறங்கி நாளாகிவிட்டால் உள்ளே இருக்கும் செம்புத் தகடு கரையத் தொடங்கலாம். மறுபடி சார்ஜ் ஏற்றும்போது அந்தச் செம்பே உள்ளுக்குள் ஷார்ட் ஆக வழி செய்துவிடலாம். இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாத சரக்கு.

அதே கடையின் பின்பக்கம் ஸ்பீக்கருக்கு பேட்டரி கட்டிக்கொண்டிருந்த பையன் நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, ஸ்லீவ் உரித்த செல் ஒன்றை நீட்டினான். "மேல மூடி மட்டும்தான் பிளஸ் அண்ணே. சுத்தி இருக்கிற டப்பா பூரா மைனஸ்." உற்றுப் பார்த்தேன். மூடிக்கும் டப்பாவின் விளிம்புக்கும் நடுவே ஒன்றிரண்டு மில்லிமீட்டர் இடைவெளி. அதை மூடியிருப்பது ஒரு காகித வளையமும் ஸ்லீவின் மடிப்பும்தான். அந்த விளிம்பில் ஸ்லீவ் கிழிந்த செல்லை டார்ச்சுக்குள் திணிப்பது வம்பை விலைக்கு வாங்குவது. சட்டைப் பையில் சாவியோடு போடுவதும் அப்படித்தான்.

தெருவின் மறுகோடியில் டார்ச் மட்டுமே விற்கிற கடை. அங்கே அட்டையில் ஒட்டி மூடிய செல், 480 ரூபாய். பி.ஐ.எஸ். முத்திரை, அதோடு ஐ.எஸ். 16046 என்ற எண்ணும் ஆர் என்று தொடங்கும் பதிவெண்ணும் இருந்தன. ஸ்கேலில் 69 மி.மீ. கூடுதல் நீளம் அடியில் ஒட்டியிருக்கும் பாதுகாப்பு சர்க்யூட்டுக்கு. ஸ்லீவுக்கு அடியில் ஒரு பட்டை மேலிருந்து கீழே ஓடுவது விரலில் தட்டுப்படும். ஷார்ட் ஆனாலோ அளவுக்கு மீறி ஏறினாலோ இறங்கினாலோ அது துண்டித்துவிடும். எடை 48 கிராம், 3.6 வோல்ட். ஆனால் சில டார்ச்சுகளில் இந்த நீளம் நுழையாது. டார்ச்சை எடுத்துப்போய்ப் போட்டுப் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

சார்ஜரையும் விடவில்லை. 150 ரூபாய் சார்ஜரில் பச்சை விளக்கு எரிந்த செல்லை எடுத்து அளந்தால் 4.29 வோல்ட். 4.2-தான் எல்லை. பக்கத்தில் இருந்த 650 ரூபாய் சார்ஜரில் 4.19. இதையே எடுத்துக்கொண்டேன்.

டார்ச்சே இனிமேல்தான் வாங்கப்போகிறீர்கள் என்றால், ஒற்றை செல் போடுகிற மாடலாகப் பாருங்கள். இரண்டு செல்லை வரிசையாகப் போடும் டார்ச்சில் ஒன்று பழையது, ஒன்று புதியது என்று கலந்தால், பலவீனமான செல் முதலில் காலியாகி, மற்றது அதைத் தலைகீழாக இழுக்கும்.

செல், சார்ஜர், இருபது ரூபாய் பிளாஸ்டிக் டப்பா எல்லாம் சேர்த்து 1,150 ரூபாய் ஆனது. நீங்கள் போனாலும் தராசோடு போங்கள். எடை போட விடாத கடையில் வாங்காதீர்கள்.