மழை நாட்டில் பத்து நாள்

அயர்லாந்து செல்வோர் குடை எடுத்துச் செல்ல வேண்டியதில்லை. அங்கே மழை மேலிருந்து கீழாகப் பெய்வதில்லை. அட்லாண்டிக் பெருங்கடலின் காற்றோடு கைகோத்துக்கொண்டு பக்கவாட்டில் வருகிறது. குடையை விரித்த மறுகணமே காற்று அதைப் புரட்டிக் கிண்ணமாக்கிவிடும். அந்நாட்டார் இதைச் சிறிதும் பொருட்படுத்துவதில்லை. விடாது சாரல் விழும் நாளை அவர்கள் ‘மென்மையான நாள்’ என்று அழைக்கின்றனர். எவ்வளவு இனிய சொல்! மழைக்காக வானத்தையே நோக்கிக் கிடக்கும் கீழக்கரை மண்ணில் பிறந்த எங்களுக்கு அந்தச் சொல்லே ஒரு விருந்தாக இருந்தது.

ஒரு கணக்குச் சொல்கிறேன். சென்னையில் ஆண்டுக்குச் சுமார் 1400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அயர்லாந்தின் மேற்குப் பகுதியில் பல இடங்களில் பெய்வதும் 1000 முதல் 1400 மில்லிமீட்டர்தான். அளவில் நாம் குறைந்தவர்களல்லர். ஆனால் நமக்கு ஐப்பசியிலும் கார்த்திகையிலும் பெரும்பகுதி கொட்டித் தீர்ந்துவிடுகிறது. அவர்களோ சில இடங்களில் ஆண்டுக்கு 225 நாள் வரை வைத்துக்கொண்டு சொட்டுச் சொட்டாகச் செலவிடுகின்றனர். சிக்கனக்காரர் வீட்டுச் செல்வம்போல் அந்தப் பசுமை வற்றுவதே இல்லை.

நானும் என் மனைவியும் சென்ற ஆண்டு ஜூலைத் திங்களில் அங்குச் சென்றோம். எங்கள் மூத்த மகன் டப்ளினில் பணிபுரிகிறான். நான் இருபத்தேழு ஆண்டுகள் வளைகுடா நாடுகளில் உழைத்தவன். அவள் அத்தனை ஆண்டுகளும் ஊரில் இருந்தவள். இருவரும் சேர்ந்து ஹஜ்ஜுக்குச் சென்றோம் என்றாலும் அதை உல்லாசப் பயணக் கணக்கில் எழுதலாகாது. ஆகவே ஊர் சுற்றிப் பார்க்கவென்று இருவரும் ஒன்றாகப் புறப்பட்டது இதுவே முதல் தடவை.

மகன் வகுத்துக் கொடுத்த திட்டப்படி மேற்குக் கரைக்குச் சென்றோம். மொஹர் என்னுமிடத்தில் செங்குத்தான பாறைகள் கடலிலிருந்து 214 மீட்டர் வரை உயர்ந்து நிற்கின்றன. உலகெங்குமிருந்து மக்கள் அவற்றைக் காண வருகின்றனர். நாங்கள் கண்டது வெண்மையான மூடுபனியை. கீழே அலையோசை மட்டும் கேட்டது. “கடல் இருக்கு, மலை இருக்கு, நமக்குத்தான் கொடுத்துவைக்கலை மச்சான்” என்று சிரித்தாள் அவள்.

அடுத்த நாள் கைல்மோர் மாளிகை. மிட்செல் ஹென்றி என்ற செல்வர் ஏரிக்கரையில் எழுப்பியது. அவருடைய மனைவி மார்கரெட் 1874இல் எகிப்துக்குச் சென்றிருந்தபோது காய்ச்சல் கண்டு இறந்தார். உடலைக் கொண்டுவந்து இங்கேயே அடக்கம் செய்து, அவர் நினைவாக ஓர் ஆலயமும் கட்டினார் கணவர். ஆக்ராவில் மட்டுந்தான் இப்படிப்பட்டவர்கள் உண்டு என்பதில்லை. என் மனைவி கட்டடத்தை அதிகம் பார்க்கவில்லை. “எகிப்துக்குக் கூடவே கூட்டிக்கிட்டுப் போனாரே” என்று மட்டும் சொன்னாள். நான் ஏரியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அன்றிரவு லீனேன் என்னும் சிற்றூரில் தங்கினோம். கில்லரி என்ற கடற்கழி மலைகளுக்கிடையே நீண்டு உள்நுழைந்து கிடக்கும் இடம் அது. தங்கிய வீட்டுக்கு உரியவர் ஒரு மூதாட்டி. ஜூலையில் அங்குக் கதிரவன் மறைய இரவு பத்து மணி ஆகிறது. மஃரிபுக்காகச் சன்னலோரம் காத்திருந்தோம். மேகத்துக்கும் மலைக்கும் இடையே இருந்த சிறு இடைவெளியில் மாலை வெயில் சாய்வாகப் பாய்ந்தது. அதுவரை பச்சைக் கம்பளமாகத் தெரிந்த எதிர்மலைச் சரிவில், மெலிந்தவன் விலாவெலும்புகளைப்போல், மேலிருந்து கீழாக வரிவரியாகக் கோடுகள் எழுந்தன.

“மச்சான், அந்த மலையிலே யாரோ பாத்தி கட்டியிருக்காங்க” என்றாள் அவள். ஆடுகளைத் தவிர அங்கே எதையும் காணோம். மூதாட்டியிடம் கேட்டேன். ஆம், பாத்திகள்தாம். உருளைக்கிழங்குப் பாத்திகள். பஞ்ச காலத்தில் கைவிடப்பட்டவை. அதன்பின் அங்கு மண்வெட்டி படவில்லை. புல் மூடிவிட்டது. சாய்ந்த வெயிலில் மட்டுமே வெளிப்படும். அந்தப் பாத்திக்கு ஆங்கிலத்தில் ‘சோம்பேறிப் பாத்தி’ என்று பெயராம். கடற்பாசியைக் கூடையில் சுமந்து மலையேறி, அதை எருவாகப் பரப்பி, மண்ணைக் கையால் புரட்டி மூடிய உழைப்புக்கு வைத்த பெயரைப் பாருங்கள்!

“மழை பெய்துமா பஞ்சம்?” என்று என் மனைவி கேட்டாள். எங்கள் ஊரில் எவரும் கேட்கும் கேள்விதான். பஞ்சம் என்றால் வானம் பொய்ப்பது. அதற்காகவே மழைத் தொழுகைக்குத் திடலில் கூடுகிறோம். இங்கோ மழையே துணை நின்றது. 1845இல் கிழங்குச் செடியைத் தாக்கிய நோயின் நுண்ணுயிர், ஈரமும் மிதவெப்பமும் உள்ள காற்றில்தான் செழித்துப் பரவும். இலையில் விழுந்த விதைத்துகளை மழைநீரே மண்ணுக்குள் கழுவிச் சென்று கிழங்கைச் சேர்த்தது. 1846இல் விளைச்சல் ஏறக்குறைய முழுவதும் அழுகிப்போயிற்று. கிழங்கைத் தவிர வேறு உணவறியாத ஏழைகள் இலட்சக்கணக்கில் இருந்த நாடு அது.

கிழங்கு அழுகியது இறைவன் நாட்டம் என்று கொள்ளலாம். அதே ஆண்டுகளில் தானியமும் கால்நடையும் வெண்ணெயும் அந்நாட்டுத் துறைமுகங்களிலிருந்து கப்பலேறின. அது மனிதர் நாட்டம். கால் ஏக்கருக்கு மேல் நிலம் வைத்திருப்பவன் அதை விட்டுக்கொடுத்தாலன்றி நிவாரணம் கிடையாது என 1847இல் சட்டம் செய்தனர். பத்து இலட்சம் பேர் மாண்டனர். அதற்கும் மேற்பட்டோர் கடல் கடந்தனர். 1841இல் 81 இலட்சத்துக்கு மேல் இருந்த மக்கள்தொகை பத்தே ஆண்டில் 65 இலட்சமாயிற்று. இன்றும் தீவு முழுவதையும் சேர்த்தால் சுமார் 70 இலட்சம்தான். நாம் வியந்து படமெடுக்கும் அந்த அகன்ற பசுவெளியில் பாதி, ஆளில்லாமற்போன வயல்.

நிவாரணப் பணத்தின் சாவியை லண்டன் கருவூலத்தில் வைத்திருந்த அதிகாரி சார்லஸ் டிரெவெல்யன். பஞ்சத்தை இறைவன் தந்த படிப்பினையாகக் கருதியவர் அவர். இந்தப் பெயர் நமக்கு அயலானதன்று. 1859இல் சென்னைக்கு ஆளுநராக வந்தவர் இவரேதான். பிற்காலத்தில் மூர் மார்க்கெட் எழுந்த பீப்பிள்ஸ் பார்க்கை அமைத்தவரும் இவரே. புதிய வரிகளை வெளிப்படையாக எதிர்த்ததால் மறு ஆண்டே திரும்ப அழைக்கப்பட்டார். சென்னை மக்கள் அவரைப் பாராட்டவே செய்தனர். ஒரே மனிதரைப் பற்றி இரண்டு ஊர்கள் இப்படி இருவேறாக நினைவு வைத்திருக்கின்றன. அவர் சென்ற பதினாறு ஆண்டுக்குப்பின் வந்த தாது வருடப் பஞ்சத்திலும் இந்தியத் தானியம் கப்பலேறியதை நம் பாட்டன்மார் அறிவர்.

இரவு உணவுக்குப் பின் மூதாட்டி அடுக்களையில் தேநீர் தந்தார். ஊரைவிட்டுப் போனவர்களைப் பற்றிப் பேச்சு வந்தது. அமெரிக்காவுக்குப் புறப்படுகிறவன் வீட்டில் முதல்நாள் இரவு அண்டை அயலார் கூடுவார்களாம். பாடுவார்கள், ஆடுவார்கள், விடியும்போது பிணத்தைச் சுற்றி அழுவதுபோல் அழுவார்கள். அதற்கு ‘அமெரிக்க இழவு’ என்றே பெயர். போனவன் முகத்தை இனி ஒருநாளும் காணப்போவதில்லை என்பது எல்லாருக்கும் தெரியும்.

நான் மொழிபெயர்த்துச் சொல்லச் சொல்ல என் மனைவி கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு, “எங்க ஊரிலும் பயணம் சொல்லிக்க வீடு வீடாப் போவாங்க. பயணம் போனவங்க வாசலைத் தாண்டினதும் அன்னிக்குப் பொழுது சாயிற வரைக்கும் நான் வீடு பெருக்க மாட்டேன். காலடி மண்ணு கலைஞ்சிடக் கூடாதுன்னு. ஒரு தடவை மூணு நாள் பெருக்கலை, மாமி சத்தம் போட்டாங்க” என்றாள். இதை அந்த அம்மையாருக்கு ஆங்கிலத்தில் சொல்லவேண்டியவன் நான். சொன்னேன். நான் வாசலைத் தாண்டிய பிறகு என் வீட்டில் என்ன நடந்தது என்று இருபத்தேழு ஆண்டுகளில் ஒருவரும் எனக்குச் சொன்னதில்லை. அந்த அம்மையார் எழுந்துசென்று அவளுக்கு இன்னொரு கோப்பைத் தேநீர் ஊற்றினார்.

மறுநாள் டூலோப் பள்ளத்தாக்கு வழியாக வடக்கே சென்றோம். அழகுக்கு அதை மிஞ்சிய இடத்தை நான் பார்த்ததில்லை. 1849 மார்ச்சில் லூயிஸ்பர்க் ஊரின் ஏழைகள், அதிகாரிகள் பார்வையிட வரச்சொன்ன இடத்துக்கு இந்த வழியாகக் கடுங்குளிரில் நடந்து சென்று, வெறுங்கையோடு திரும்பும்போது வழியிலேயே விழுந்து இறந்தனர். அங்குள்ள நினைவுக்கல்லில் காந்தியடிகளின் வாக்கு ஒன்று பொறிக்கப்பட்டுள்ளது. மழையில் நனைந்த அந்தப் பெயரை என் மனைவி விரலால் தடவிப் பார்த்தாள்.

திரும்பும் வழியில் வெள்ளிக்கிழமை பாலிஹானிஸ் ஊரில் இறங்கினோம். ஹலால் இறைச்சித் தொழிலை ஒட்டி முஸ்லிம்கள் குடியேறிய ஊர். 1987இல் அங்குப் பள்ளிவாசல் எழுந்தது. ஜும்ஆவுக்குப் பின் ஒருவர் துருக்கி சுல்தானின் கதையைச் சொன்னார். சுல்தான் அப்துல் மஜீத் 1847இல் அயர்லாந்துப் பஞ்சத்துக்கு ஆயிரம் பவுன் அளித்தது மெய். அதற்கு அந்நாட்டுப் பெருமக்கள் எழுதிய நன்றி மடல் இஸ்தான்புல்லில் இருக்கிறது. தானியக் கப்பல்களும் திரொகெடா துறைக்கு வந்தன, அதனால்தான் அவ்வூர்ச் சின்னத்தில் பிறையும் விண்மீனும் உள்ளன என்பது மட்டும் பிற்சேர்க்கை. அந்தச் சின்னம் பஞ்சத்துக்கு மிக முந்தியது. ஆயிரம் பவுனுக்கு இந்த அலங்காரம் தேவையில்லை என்பது என் கருத்து.

புறப்படும் நாளன்று டப்ளினில் வெயிலடித்தது. மகன் எங்கள் பெட்டிகளைக் காரில் ஏற்றிக்கொண்டிருந்தான். என் மனைவி மருமகளைக் கட்டியணைத்து முத்தமிட்டுவிட்டு, வாசலில் நின்றபடி, “நாங்க போனதும் மெஷினைப் போட்டுப் பெருக்கிடாதேம்மா, பொழுது சாயட்டும்” என்றாள்.