இரண்டா, ஐந்தா: சாங்வியில் ஒரு துப்பாக்கித் தெரிவு

ஒரு துப்பாக்கி ஒரே நேரத்தில் எத்தனை தோட்டாக்களைக் கொள்ளலாம் என்பது பல நாடுகளின் சட்டமன்றங்களில் விவாதிக்கப்பட்ட கேள்வி. அமெரிக்காவின் 1994ஆம் ஆண்டுக் கூட்டாட்சிச் சட்டம் பத்துக்கு மேல் கொள்ளும் புதிய மேகசின்களைத் தடுத்தது. 2004இல் அது காலாவதியானது. கனடாவில் பெரும்பாலான அரைத் தானியங்கி ரைஃபிள்களுக்கு ஐந்து என்பதே வரம்பு. புணேயை ஒட்டிய சாங்வியில் வாழும் ஓய்வுபெற்ற தமிழ் ஹவில்தார் ஒருவருக்கோ இக்கேள்வி பிழைப்பைச் சார்ந்தது.

மெட்ராஸ் ரெஜிமென்டில் பதினேழு ஆண்டுகள் பணியாற்றியவர் அவர். மகள் கல்லூரியில் படிக்கிறாள். கிடைத்திருப்பது ஒரு வங்கிக் கிளையின் காவலர் வேலை. உரிமம் பெற்ற சொந்தத் துப்பாக்கி இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. துப்பாக்கி இல்லையேல் வெறும் வாயிற்காவலர். ஊதியமும் அதற்கேற்பக் குறையும்.

படையில் அவர் கையாண்ட எஸ்.எல்.ஆர். ரைஃபிளின் மேகசின் 20 தோட்டாக்களைக் கொள்ளும், இன்சாஸும் அவ்வாறே. 9 மி.மீ. கார்பைனோ 34 கொள்ளும். குறுகிய அறைக்கும் படிக்கட்டுக்கும் உகந்தது கார்பைன்தான் என்று அவருடைய கை அறியும். ஆனால் அது குடிமக்களுக்கு இருமுறை மூடப்பட்ட கதவு: தானியங்கி என்பதால் ஒரு தடை, படையின் 9 மி.மீ. தோட்டாவை ஏற்கும் என்பதால் மற்றொரு தடை.

1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டமும் 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகளும் மேகசினின் கொள்ளளவிலிருந்து தொடங்குவதில்லை. குழலின் துளையையும் இயங்கும் முறையையுமே அவை முதலில் நோக்குகின்றன. அரைத் தானியங்கி ரைஃபிள்கள் தடைசெய்யப்பட்ட வகையைச் சேர்ந்தவை. .303, 7.62 மி.மீ. ஆகிய படைத் தோட்டாக்களை ஏற்கும் ரைஃபிள்களும் அவ்வாறே. ஆகவே ஹவில்தாரின் முன் நடைமுறையில் எஞ்சியவை இரண்டு: ஐந்து தோட்டாக்கள் கொள்ளும் .315 போல்ட் ரைஃபிள். இரண்டே தோட்டாக்கள் கொள்ளும் 12 போர் இரட்டைக்குழல் துப்பாக்கி.

இந்த .315 பிறந்த கதை, சட்டத்தின் மனத்தைக் காட்டுகிறது. 1857க்குப் பிந்திய அச்சத்தின் தொடர்ச்சியாக 1878இல் வந்த ஆயுதச் சட்டம் இந்தியரை உரிமத்துக்குள் கட்டியது, ஐரோப்பியருக்கு விலக்களித்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், படைக் கிடங்கிலிருந்து கசியும் தோட்டா கலகக்காரரின் துப்பாக்கியில் பொருந்திவிடக் கூடாது என்பதற்காகப் படையின் அளவுகள் குடிமக்களுக்கு மறுக்கப்பட்டன. வேட்டைத் துப்பாக்கி செய்வோர் .450க்கு மாற்றாக .470 போன்ற புதிய அளவுகளை உருவாக்கியது அதனால்தான். .315இன் மூலமோ ஆஸ்திரிய-ஹங்கேரியப் படையின் 8 மி.மீ. மான்லிஷர் தோட்டா. முதல் உலகப் போரில் ஒரு பேரரசின் சிப்பாய்கள் சுட்ட தோட்டா, இந்தியாவில் குடிமக்களுக்கு உரியதாயிற்று. அதன் கொல்லும் ஆற்றல் குறைந்ததால் அன்று. இந்தியப் படையின் கிடங்கில் அது இல்லாததால்.

ஆகவே இங்குக் கட்டுப்பாட்டின் மையம் துப்பாக்கிக்குள் இருக்கும் தோட்டாக்கள் அல்ல, வெளியே இருக்கும் தோட்டாக்கள். ஒரு நேரத்தில் எத்தனை வைத்திருக்கலாம், ஓராண்டில் எத்தனை வாங்கலாம் என்பதை உரிமமே குறிக்கிறது. கடைக்காரரின் பதிவேட்டில் ஒவ்வொரு விற்பனையும் ஏறுகிறது. சாங்வியிலிருந்து முளா ஆற்றைக் கடந்து சில கிலோமீட்டர் சென்றால், 1869இல் நிறுவப்பட்ட கட்கி வெடிமருந்துத் தொழிற்சாலை. சக்திமான் என்னும் 12 போர் தோட்டா அங்கே உருவாகிறது. அத்தொழிற்சாலையின் அண்டையில் வாழ்பவரும் அதன் தோட்டா ஒன்றைப் பெற, பிம்ப்ரி-சிஞ்ச்வட் காவல் ஆணையர் அளிக்கும் உரிமத்தின் வழியாகத்தான் செல்ல வேண்டும்.

ஹவில்தார் இரட்டைக்குழலைத் தேர்ந்தார். எண்ணிக்கையை மட்டும் நோக்கினால் இது பிழையான தெரிவாகத் தோன்றும். ஆனால் காசாளர் மேசைக்கும் வாயிலுக்கும் இடையே வாடிக்கையாளர்கள் நிற்கும் கூடத்தில், ரைஃபிளின் குண்டு ஓர் உடலைத் துளைத்து அப்பாலுள்ள சுவரையும் கடந்து செல்லக்கூடும். ரவைத் தோட்டாவின் வீச்சு அதைவிட விரைவில் தளரும். அதுவும் கொல்லும், ஆயினும் அதன் ஆபத்து அடுத்த தெருவரை நீளாது. குழல் இரண்டும் நிரம்பியுள்ளனவா என்பதை ஒரு நொடியில் திறந்து பார்த்துவிடலாம் என்பதும் பணி மாறும் வேளையில் சிறு நன்மையன்று.

“ரெண்டே ரெண்டு போதுமாப்பா?” என்று மகள் கேட்டாள்.

“முதல் ஒண்ணைச் சுடாம இருக்கத்தாம்மா சம்பளம் தர்றாங்க.”

நடைமுறைக்கு உகந்த துப்பாக்கி எது என்னும் விவாதங்களில் எண்ணிக்கையே முன்னிற்கிறது. பத்தா, முப்பதா என்று கேட்பவர், தாம் சுடும் தருணத்தை மட்டுமே கற்பனை செய்கிறார். காவலரின் பணிநாளோ பெரும்பாலும் சுடாத மணி நேரங்களால் ஆனது. அந்த நேரம் முழுவதும் துப்பாக்கி அவருக்கும் கூடத்தில் நிற்போருக்கும் ஆபத்தாக அமையாதிருக்க வேண்டும். பேரரசின் அச்சத்திலிருந்து வளர்ந்த சட்டம் இதை எண்ணி எழுதப்பட்டதன்று. எனினும் அது விட்டுவைத்த குறுகிய தெரிவுக்குள், 34 தோட்டாக் கார்பைனுக்குப் பழகிய ஒருவர் தம் பொறுப்பின் அளவைத் தாமே கணக்கிட்டுக்கொண்டார்.