செராம்பூர் கற்பிக்கும் சீடத்துவம்

சீடத்துவம் ஞாயிறு ஆராதனையோடு முடிவதில்லை. திங்கட்கிழமையே அதன் சோதனை நாள் எனப் போதகர் ஒருவர் நம்மிடம் கூறியதுண்டு. அதற்குச் சான்று தேடி ஹவுராவாழ் தமிழர் நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. மின்சார இரயிலில் ஏறத்தாழ 20 கிலோமீட்டர் சென்றால் செராம்பூர்.

இங்கிலாந்தில் செருப்புத் தைத்துப் பிழைத்த வில்லியம் கேரி 1793-இல் வங்கம் வந்தார். ஏழாண்டுகள் சென்ற பின்னரே, 1800 டிசம்பரில், கிருஷ்ண பால் என்னும் தச்சர் அவர் பணியின் முதற்கனியாகத் திருமுழுக்குப் பெற்றார். தோழர்களோடு அவர் செராம்பூரில் நடத்திய அச்சகம் 1812 மார்ச் 11-ஆம் நாள் தீப்பற்றியது. பல்லாண்டு உழைப்பில் உருவான கையெழுத்துப் படிகளும், தாளும், அச்செழுத்துகளும் அழிந்தன. எழுத்துகளை மீண்டும் வார்த்தனர். இழந்தவற்றைக் கேரி மீண்டும் எழுதத் தொடங்கினார்.

நம் மேசைக்கும் கோப்புகள் வருகின்றன. கைம்பெண் ஒருவரின் ஓய்வூதிய மனுவில் சான்றொன்று குறைந்தால், அதனைத் திருப்பி அனுப்புதல் விதிப்படி சரியே. எச்சான்றினை எவரிடம் பெறுவதென இரண்டு வரி சேர்த்து எழுதுதல் சீடத்துவம். இருபதாண்டுப் பணியில் நம்மைச் சோர்வுறச் செய்வது, எவரும் காணாத அவ்விரண்டு வரிகளை நாள்தோறும் எழுத வேண்டியிருப்பதே. நெரிசல் வண்டியில் களைத்துத் திரும்பிய பின், வீதியில் வங்கமொழி பேசிவரும் பிள்ளைகளோடு அமர்ந்து தமிழில் வேதம் வாசிப்பதும் அத்தகையதே.

பலன் ஏழாண்டு தாமதிக்கலாம். செய்தது அழிந்தும் போகலாம். ஆயினும் நாளை வரும் கோப்பில் அவ்விரண்டு வரிகளை எழுதுவோமாக!