மகமை ரசீதும் மண்டபச் சாவியும்

எழுதி ரொம்ப நாளாச்சு. பங்குனியில ஊருக்குப் போய்ட்டு வந்தேன். ஊர்னா தாயில்பட்டி, வெம்பக்கோட்டைப் பக்கம். கரிசக்காடும் வெயிலும் பட்டாசுக் கம்பெனியும்தான் எங்க சொத்து.

போறதுக்கு முன்னாடி ஆபீஸ் நண்பர் ஒருத்தர் அமெரிக்கா போய்ட்டு வந்து படம் காட்டினார். விஸ்கான்சின் மாநிலத்துல நியூ கிளாரஸ்னு ஒரு ஊர். 1845-ல சுவிட்சர்லாந்தின் கிளாரஸ் பகுதியில வறுமை தாங்காம, அங்க உள்ளவங்களே ஒரு சங்கம் கூட்டி, ஆள் அனுப்பி நிலம் பார்த்து, நூத்துச் சொச்சம் பேரைக் கப்பலேத்தி விட்டிருக்காங்க. இன்னிக்கும் அங்க சுவிஸ் கொடி, சுவிஸ் பாட்டு, சீஸ். 1938-ல இருந்து வில்லியம் டெல் நாடகம் வேற போடுறாங்களாம்.

"நம்ம பக்கம் இப்படியெல்லாம் உண்டா?"ன்னு கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. உறவின்முறைன்னு சொன்னேன். அவருக்குப் புரியல. உங்களுக்காகக் கொஞ்சம் விரிவா.

19-ஆம் நூற்றாண்டுல தெக்க பனங்காட்டுச் சீமையில இருந்து நாடார் வியாபாரிகள் கருப்பட்டி, கருவாடு, புகையிலைன்னு வண்டியில ஏத்திக்கிட்டு வடக்க வந்தாங்க. வழியில திருட்டு பயம். அதனால மாட்டையும் சரக்கையும் ராத்திரி பத்திரமா நிறுத்த சுவர் வச்ச பேட்டைகள் கட்டினாங்க. சிவகாசி, விருதுபட்டி, அருப்புக்கோட்டை, பாளையம்பட்டி, திருமங்கலம், சாத்தங்குடின்னு 6 ஊர். (விருதுபட்டிங்கிறது 1923-ல விருதுநகர் ஆனது.) ஊருக்கு ஊர் வந்தவங்க கூடி வச்சுக்கிட்ட சபைதான் உறவின்முறை. வாங்குற விக்கிற சரக்குல இவ்வளவுன்னு ஒவ்வொருத்தரும் பொதுவுல போடணும். அது மகமை. அதுல கிணறு, கோயில், மண்டபம், அப்புறம் பள்ளிக்கூடம்.

பள்ளிக்கூடம் ஏன்? கோயிலுக்குள்ள விடாத காலம் அது. 1897-ல கமுதி கோயில்ல நுழைஞ்சதுக்கு வழக்கு. லண்டன் பிரிவி கவுன்சில் வரைக்கும் போய் 1908-ல தோத்தாங்க. நடுவுல 1899 ஜூன் 6 அன்னிக்கு ஆயிரக்கணக்கான பேர் திரண்டு வந்து சிவகாசியைத் தாக்கினாங்க. வீடுகள் எரிஞ்சது, உயிர்கள் போச்சு. அந்தத் தலைமுறைதான் பிள்ளைங்க படிக்கட்டும்னு மகமையைத் திருப்பிவிட்டது. விருதுநகர் சத்திரிய வித்தியாசாலை 1889-லயே தொடங்கியாச்சு. வீட்டுக்கு ஒரு பிடி அரிசி எடுத்து வச்சு வளர்த்த பள்ளிக்கூடம். அங்க படிச்சவர்தான் காமராஜர். 1910-ல பொறையாறுல நாடார் மகாஜன சங்கம் பிறந்து, ஊர் ஊரா இருந்ததெல்லாம் ஒரு குடைக்குக் கீழ வந்துச்சு.

இதைச் சொல்லும்போது எனக்குப் பெருமைதான். மறைக்க மாட்டேன். எங்கப்பா டிரங்குப் பெட்டியில வரி ரசீதெல்லாம் வருசவாரியா ஒரு கம்பியில குத்தி வச்சிருப்பார். கடையில நஷ்டம் வந்த வருசம்கூட ஒரு ரசீதும் விடுபட்டதில்ல. நான் காலேஜ் சேர்ந்தப்போ முதல் வருசப் பணம் இந்த மாதிரிப் பொதுப் பணத்துல இருந்து கடனா வந்ததுதான்.

இனிமேதான் விசயம். எழுதலாமா வேண்டாமான்னு ரெண்டு வாரம் யோசிச்சேன்.

எனக்கு ஒரு கூட்டாளி. ஒண்ணாம் வகுப்புல இருந்து பக்கத்துப் பக்கத்துல உக்காந்தவன். அவங்க வீட்ல எல்லாரும் பட்டாசு வேலை. வேற தெரு. தெருன்னு சொன்னா நம்ம ஊர்ல என்ன அர்த்தம்னு உங்களுக்கே தெரியும். போன வருசம் அவன் மக கல்யாணத்துக்கு மண்டபம் கேட்டுப் போயிருக்கான். (எந்த ஊர் மண்டபம்னு சொல்லல. நம்ம பக்கம் எங்கயும் நடக்கக்கூடியதுதான்.) "அந்தத் தேதி காலி இல்லப்பா"ன்னுட்டாங்க. அவன் எனக்குப் போன் போட்டு, "நீ ஒரு வார்த்தை கேளேன்"னான்.

கேட்டேன். அதே தேதி. "உனக்குன்னா தாராளமா எடுத்துக்கோ தம்பி, காலியாத்தான் கெடக்கு"ன்னாங்க.

யாருக்குன்னு சொன்னேன். எதிர்ப்பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. "அது நம்ம ஆளுக காசு போட்டுக் கட்டுனதுப்பா. நீ வெளியூர்ல இருக்க, உனக்குத் தெரியாது."

நான் என்ன பண்ணினேன்? "சரிங்க அண்ணாச்சி"ன்னு போனை வச்சேன். அந்த வருச வரியையும் கட்டினேன். கல்யாணம் சாத்தூர்ல ஒரு தனியார் மண்டபத்துல, கூடுதல் வாடகையில நடந்துச்சு. போயிருந்தேன். அவன் மண்டபத்தைப் பத்தி ஒரு வார்த்தை பேசல. பந்தியில என் இலைக்கு நேரா வந்து நின்னு, "அப்பளம் வைக்கலையா இவனுக்கு?"ன்னு சத்தம் போட்டான். அவ்வளவுதான். அந்த அப்பளம் எனக்கு இறங்கவே இல்ல.

கோயில்ல விடலன்னு லண்டன் வரைக்கும் போனவங்க பேரன்கள்தானே நாம? அதே உறவின்முறை வரலாற்றுல வேற ஒரு பக்கமும் இருக்கு. பட்டிவீரன்பட்டி டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன், நாடார் சங்கத் தலைவரா இருந்தவர். 1920-களின் கடைசியில ராமநாதபுரம் ஜில்லா போர்டு தலைவரா இருந்தப்போ, தாழ்த்தப்பட்டவங்களைப் பஸ்ல ஏத்தலன்னா லைசென்ஸ் ரத்துன்னு உத்தரவு போட்டார். (சென்னையில பாண்டி பஜார்னு துணி எடுக்கப் போறோமே, அந்தப் பாண்டி இவர்தான்.) மகமையில வளர்ந்த பள்ளிக்கூடங்கள்ல இன்னிக்கு எல்லாச் சாதிப் பிள்ளைங்களும் படிக்குது. பள்ளிக்கூடக் கதவு திறந்தா மண்டபக் கதவு மட்டும் ஏன் திறக்கக்கூடாது?

இந்தப் பங்குனியில வரி கேட்டு வந்தாங்க. கட்டினேன். கூடவே ஒரு கடிதமும் கொடுத்தேன். பெரிசா ஒண்ணுமில்ல. வாடகை கட்டுற யாருக்கும் மண்டபம் தரணும், மகாசபையில வச்சுப் பேசுங்கன்னு நாலு வரி. வரியை நிறுத்திடலாமேன்னு நீங்க கேக்கலாம். நிறுத்தினா கேக்குற பாத்தியதையும் போயிடும். எங்கப்பா ரசீதைக் கம்பியில குத்தி வச்சது அந்தப் பாத்தியதைக்குத்தான்னு இப்போ தோணுது.

கடிதத்தை வாசிச்சாங்களாம். ரெண்டு பேர் எந்திரிச்சுப் போய்ட்டாங்களாம். ஒரு பெரியவர் மட்டும், "பிடி அரிசியில சாதி பாத்தா சோறு வேகாதுடே"ன்னாராம். அடுத்த கூட்டத்துக்கு ஒத்தி வச்சிருக்காங்க.

கூட்டாளிக்கு இன்னும் சொல்லல. முடிவு தெரியாம சொல்லி என்ன ஆகப்போகுது? அவனுக்கு ரெண்டாவது மக பிளஸ் டூ படிக்கிறா. இன்னும் அஞ்சாறு வருசம் டைம் இருக்கு.

உங்க ஊர் மண்டபம் எப்படி மக்களே? விசாரிச்சுட்டுச் சொல்லுங்க.