பழைய கருவியும் புதிய கணினியும்

காலஞ்சென்ற என் தமையனார் பத்தாண்டுகளுக்கு மேல் கையாண்ட மின்னூல் வாசிப்புக் கருவி, சென்ற மாதம் அண்ணியார் வழியாக என்னிடம் வந்து சேர்ந்தது. அண்ணன் பெரும் படிப்பாளி. மதுரைத் தமிழ் மின்தொகுப்புத் திட்டத்தார் 1998-ஆம் ஆண்டு முதல் விலையின்றி வழங்கிவரும் நூல்களில் பலவற்றை அதில் ஏற்றி, விரும்பிய வரிகளுக்குக் கோடிட்டு, தம் கருத்தையும் ஆங்காங்கே எழுதி வைத்திருந்தார். அக்குறிப்புகளுக்கு வேறு படி கிடையாது.

கருவி உயிருடன்தான் இருந்தது, பக்கம் புரண்டது. ஆயின், புதிதாக வாங்கிய என் கணினியோ அதனை ஏறிட்டும் பார்க்கவில்லை. கடைக்காரரிடம் கொண்டு சென்றேன். “இதன் காலம் முடிந்துவிட்டது ஐயா, புதிது வாங்குங்கள்” என்று தொட்டும் பாராமல் தீர்ப்புரைத்தார். முகம் பாராமலே ஆயுள் சொல்லும் சோதிடனை நாம் நகைக்கிறோமே. இவர் எவ்வகையில் வேறானவர்?

காரணமின்றிக் காரியமில்லை என்ற துணிவோடு வீட்டில் உட்கார்ந்தேன். முதலில் கருவிக்கு ஒரு மணி நேரம் மின்னூட்டினேன். பின்னர், இடையிலிருந்த இணைப்புப் பெட்டியை நீக்கிக் கணினியிலேயே நேராகச் செருகினேன். பயனில்லை. அதன்பின்னரே கம்பியின்மேல் ஐயம் பிறந்தது. இத்தகைய பழைய கருவிகளுக்குரிய யூஎஸ்பி கம்பியினுள் நான்கு இழைகள் வேண்டும். இரண்டு மின்சாரத்துக்கு, இரண்டு செய்திக்கு. மலிவான விளக்கு, விசிறி முதலியவற்றோடு வரும் கம்பிகள் சிலவற்றில் பின்னிரண்டும் இரா. நான் செருகியதோ கைவிசிறியோடு வந்த கம்பி! அதன் வழியே சோறு செல்லும், சொல் செல்லாது.

அண்ணியாரின் தையற்பெட்டியில் பழைய கம்பி அகப்பட்டது. செருகியதும் கணினி ஒலியெழுப்பிற்று. எனினும் கோப்புகள் தோன்றவில்லை. அருகிருந்த அண்ணன் மகன், “சித்தப்பா, ‘ஃபார்மட்’ செய்துவிடுங்கள், சரியாகிவிடும்” என்றான். கையைப் பற்றித் தடுத்தேன். அது நோயைத் தீர்க்க நோயாளியையே தீர்ப்பதாகும். அண்ணன் எழுத்தெல்லாம் அழிந்திருக்கும். விண்டோஸ் தன்னிடம் வரும் ஒவ்வொரு சேமிப்பகத்துக்கும் ஓர் ஆங்கில எழுத்தைப் பெயராக இடுவது வழக்கம். ‘டிஸ்க் மேனேஜ்மெண்ட்’ பகுதியைத் திறந்து நோக்கின், கருவி அங்கே எழுத்தின்றி நின்றது. ‘ஆர்’ என்னும் எழுத்தை ஈந்தேன். உடனே கதவு திறந்தது.

குறிப்புகள் யாவும் ஓர் எளிய உரைக்கோப்பில் இருந்தன. கருவியில் தமிழ் விசைகள் இன்மையால், அண்ணன் தமிழை ஆங்கில எழுத்துக்களிலேயே தட்டியிருந்தார். “இதைத் தம்பியிடம் கேட்க வேண்டும்” என்று ஓரிடத்தில் இருந்தது. சிறிது நேரம் எழுந்திருக்க முடியவில்லை.

கோப்பை இரண்டு இடங்களில் படியெடுத்தபின், கம்பியைச் சிவப்பு நூலால் கருவியோடு சேர்த்துக் கட்டினேன். “கண்ணேறு படாமலிருக்கவோ?” என்றார் அண்ணியார். “இல்லை அண்ணி, கைவிசிறிக் கம்பியோடு கலந்துவிடாமலிருக்க” என்றேன்.